டைகரின் வாய் நாற்றமும் மயக்க ஊசிப் பயமும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் டைகர் என்று ஒரு பொமரேனியன் இருக்கிறது. பெயர்தான் டைகர், எடை 4 கிலோ. மகன் சென்னையில் இருந்தபோது வாங்கியது. அவன் மலேசியா போனபின் எங்களோடு கானாடுகாத்தானில் இருக்கிறது. வயது 7. ஒரு வருஷமாக வாய் நாற்றம் தாங்கவில்லை. கடைவாய்ப் பக்கம் பல்லெல்லாம் பழுப்பாக இருக்கிறது. கொஞ்ச நாளாக ஒரு பக்கமாகவே தின்கிறது. வாயில் எடுத்ததைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறது. அப்பத்தா காலத்து வழக்கப்படி வேப்பங்குச்சியை நசுக்கி உப்புத் தொட்டுத் தேய்க்கப் பார்த்தேன். போன வாரம் விரலைக் கடித்துவிட்டது, லேசாக ரத்தமும் வந்தது. காரைக்குடியில் காட்டினோம். ரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். ‘பல் விளக்கப் போய் உயிர் போய்விடும், வேண்டாம்’ என்கிறார் வீட்டுக்காரர். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் ஒருவர், மயக்கம் இல்லாமலே சுரண்டித் தருவதாகச் சொல்கிறார். எலும்பு கொடுத்தாலே போதும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எதைச் செய்வது? இன்னொன்று, தேவகோட்டையில் மகள் வீட்டில் ஆறு மாத ஷிட்ஸு குட்டி ஒன்று இருக்கிறது. அதற்குக் கோரைப்பல் இரண்டிரண்டாக நிற்கிறது. விட்டால் தானாக விழுந்துவிடுமா?

பதில்:

ஆச்சி, டைகர் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் உங்கள் விரல். வீட்டு நாய் கடித்தாலும் கடி கடிதான். பல் பட்டு ரத்தம் வந்தால் உடனே குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைத்து அடைக்கக் கூடாது. போன வாரம் டாக்டரிடம் காட்டவில்லையென்றால் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். டைகருக்கு ஆண்டுதோறும் வெறிநோய் ஊசி போட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். உங்களுக்கு ஊசி வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இனி டைகருக்கு வருவோம். மடியில் படுத்துத் தூங்குகிற நாய் திடீரென்று கடித்ததால் குணம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். புண்ணான ஈறில் உப்புத் தொட்ட குச்சி பட்டது, கடித்தது. அவ்வளவுதான். நாற்றம், ஒரு பக்கமாகத் தின்பது, எடுத்ததைப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஈறுக்கு அடியில் கிருமி வெகுநாளாகக் குடியிருக்கிறது, ஒரு பல்லாவது ஆட்டம் கண்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. எந்தப் பல் என்பது வாயைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் என்ன செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காரைக்குடியில் சொன்னதுதான் சரி. மயக்க மருந்து கொடுத்து முறையாகச் சுத்தம் செய்து, கெட்டுப்போன பல்லை எடுத்துவிட வேண்டும். வாய் ஆறிய பிறகுதான் பிரஷ். நிறைய வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாற்றம் வந்ததும் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வாங்கிவந்து, வலிக்கிற வாயில் தேய்த்து, நாய் உறுமியதும் மூலையில் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த நாய் லேசில் வாயைத் தொடவிடாது.

சின்ன நாய்களுக்கு ஏன் இந்தத் தொல்லை அதிகம் என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் ராஜபாளையமோ நாட்டு நாயோ கட்டிக்கிடக்கும். பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று போய், அத்தனை பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியபின், அந்த இடத்துக்குப் பொமரேனியனும் ஷிட்ஸுவும் பக் நாயும் வந்துவிட்டன. நாய் சுருங்கியதே தவிரப் பல்லின் எண்ணிக்கை சுருங்கவில்லை. வளர்ந்த ராஜபாளையத்துக்கும் 42 பல், டைகருக்கும் 42 பல். ஒரு சாண் நீளத் தாடையில் இருக்க வேண்டியதை விரல் நீளத் தாடைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு, சில பற்கள் குறுக்காகத் திரும்பி நிற்கும். இடுக்கில் சோறும் எச்சிலும் தங்கும். பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாடை எலும்பும் மெல்லியது; கொஞ்சம் அரித்தாலே பிடி விட்டுப்போகும். பெரிய நாயைவிடச் சின்ன நாய் அதிக வருஷம் வாழ்வதும் இதில் சேர்ந்துகொள்கிறது. பல் அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டுமே!

ஒரு காரியம் செய்யுங்கள். வளவில் வெயில் வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் டைகரை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், மேலுதட்டை மட்டும் காதுப் பக்கமாக மெல்ல இழுத்துத் தூக்குங்கள். கடி பட்ட பயம் இருந்தாலோ, அது உறுமினாலோ அத்தோடு விட்டுவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். கண்ணுக்கு நேர் கீழே, மேல் வரிசையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு பல் தெரியும். நாய் இறைச்சியை வெட்டுவது அதில்தான். எச்சில் வரும் குழாய் அதற்குப் பக்கத்தில்தான் கன்னத்தில் திறக்கிறது. அதனால் காரை, அதாவது பல்லில் படிந்து இறுகும் அழுக்கு, முதலில் பிடிப்பதும் தடித்துப் பிடிப்பதும் அந்தப் பல்லில்தான். வெந்நீர் அண்டாவின் உட்பக்கம் உப்புப் படிந்து கல்லாகிறதே, அதே கதைதான் இங்கேயும். பல் விளக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்மேல் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிவிடும். அதை விரலால்கூடத் துடைத்து எடுக்கலாம். இரண்டு மூன்று நாள் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி இறுகிவிடும். அப்புறம் பிரஷ்ஷுக்கு மசியாது.

காரையைப் பார்த்தீர்களா? இப்போது அதற்கு மேலே, பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தைப் பாருங்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக, பல்லோடு ஒட்டி, கத்தி முனை மாதிரி மெல்லியதாக முடியும். அந்த ஓரம் ரத்தச் சிவப்பாகத் தடித்திருந்தால் ஈறு வீங்கியிருக்கிறது. இந்த நிலையில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். ஈறு மேலே ஏறி, பல்லின் வேர்ப்பக்கம் மஞ்சளாக வெளியே தெரிந்தால் எலும்பு கரையத் தொடங்கிவிட்டது. கரைந்த எலும்பு திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். டைகர் ஒரு பக்கமாகத் தின்பதை வைத்துப் பார்த்தால் அது இந்த இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

“நன்றாகத்தானே சாப்பிடுகிறது, வலி இருந்தால் சாப்பிடுமா?” இந்தக் கேள்வியை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்காதவர்களே இல்லை எனலாம், அத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். சாப்பிடும். நாய்க்குப் பசிதான் பெரிது. வலிக்கிற பக்கத்தை ஒதுக்கிவிட்டு மறுபக்கம் மெல்லும், மெல்லாமல் விழுங்கும், கெட்டியானதை விட்டு மெத்தென்றதைத் தேடும். இரண்டு பக்கமும் போன பிறகுதான் தட்டை விட்டு நகரும். அதுவரை காத்திருந்தால் வேறு தொல்லைகள் வந்து நிற்கும். அந்தப் பெரிய பல்லின் வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே வீங்கி உடையும். கண் நோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்பு; அது அரித்தால் வாய்க்கும் மூக்குக்கும் ஓட்டை விழுந்து, தும்மலும் ஒரு பக்க மூக்கொழுகலுமாக நிற்கும். டாஷ்ஹவுண்ட் நாய்களிடம் இது அதிகம். கீழ்த்தாடையில் இன்னும் மோசம். சின்ன நாயின் கீழ்க் கடைவாய்ப்பல் வேர், தாடை எலும்பின் அடி விளிம்பு வரைக்கும் இறங்கியிருக்கும். அங்கே எலும்பு அரித்துப்போனால், சோபாவிலிருந்து குதித்ததற்கே தாடை முறிந்துவிடலாம்.

சரி, மயக்கம் இல்லாமல் சுரண்டுவதாகச் சொல்பவரைப் பற்றி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் பல் வெள்ளையாகத் தெரியும், உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாயின் ஈறுக்குள் கூர்மையான கருவியை விட எந்த நாயும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. ஆக வெளியே தெரிகிற காரை மட்டும் போகும். சுரண்டிய பல்லைப் பாலிஷ் செய்யாமல் விட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அடுத்த படலம் முன்னைவிடச் சீக்கிரம் ஒட்டும். நடுவில் டைகர் தலையை உதறினால் கருவி எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. எலும்பு கரைந்திருக்கும் தாடையை அழுத்திப் பிடிப்பதே ஆபத்து. அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவத்துக்கென்றே இருக்கும் நிபுணர் அமைப்பும், உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கமும் மயக்கமில்லாத பல் சுத்தத்தை வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. முடி வெட்டுவதற்கு அவரிடம் தாராளமாகப் போங்கள், பல்லுக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கார அண்ணனுடைய பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மயக்க மருந்தில் ஆபத்தே கிடையாது என்று யாராவது சொன்னால் அவரிடம் நாயைக் கொடுக்காதீர்கள். ஆபத்து இருக்கிறது; அதைக் குறைக்க என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். 7 வயது என்பது பொமரேனியனுக்குக் கிழ வயதும் இல்லை. 12, 14 வயதுவரை வாழ்கிற இனம் அது. வயதைவிட உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்பதுதான் கணக்கு. அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, ரத்த அணுக்கள் எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தை நிதானமாகக் கேட்க வேண்டும். சின்ன நாய்களுக்கு வயது ஏற ஏற இதய வால்வு கசிவது சகஜம். கசிவு இருந்தால் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு மேலே போவார்கள். உற்சாகம் வந்தாலோ கழுத்துப் பட்டை இழுத்தாலோ டைகருக்கு வறட்டு இருமல் வருமா? வந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்துபோவதுண்டு.

அன்றைக்கு மேசையில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து ஊசி வைப்பார்கள். சலைன் அதன் வழியே ஏறிக்கொண்டிருக்கும். தூங்கியதும் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் விட்டு, அதன் முனையில் உள்ள சின்னப் பலூனில் காற்றேற்றுவார்கள். மயக்க வாயுவும் ஆக்ஸிஜனும் அந்தக் குழாய் வழியே போகும். காரையை உடைக்கும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்யும். அந்தத் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பது அந்தப் பலூன்தான். குழாய் போடாமல், ஒரு ஊசி மட்டும் போட்டுச் சுத்தம் செய்வதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 4 கிலோ உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் அடியில் சூடு விரிப்பு வேண்டும். இதயத் துடிப்பு, ஆக்ஸிஜன், உடல் சூடு இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, பல்லில் வேலை செய்பவரைத் தவிர இன்னொருவர் வேண்டும். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஈறு ஓரத்திலும் விட்டு ஆழம் பார்ப்பார்கள். நல்ல நாய்க்கு 3 மில்லிமீட்டர் தாண்டாது. டைகர் அளவு நாய்க்கு அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். அதற்கு மேல் கம்பி இறங்குகிற பல்தான் சந்தேகத்துக்குரியது. ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, கடைசியில் பாலிஷ் போட்டு முடிப்பார்கள்.

பல் எக்ஸ்ரே எடுக்கிற வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பல்லில் பாதிக்கு மேல் எலும்புக்குள் புதைந்திருப்பதால் வெளியே பார்த்து முடிவெடுப்பது அரைகுறைதான். நம் பக்கத்தில் எல்லா இடத்திலும் இது இருக்காது. பல் எடுக்க வேண்டியிருக்கும், இதயத்தில் சத்தம் வேறு கேட்கிறது என்றால், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, மதுரை, திருச்சியில் வசதியுள்ள மருத்துவமனைக்கோ அனுப்பச் சொல்லி உங்கள் டாக்டரையே கேளுங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார். செலவு எவ்வளவு என்று நான் இங்கே எழுதினால் அது தப்பாகத்தான் போகும். எக்ஸ்ரே உண்டா, எத்தனை பல் எடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். பல் எடுக்க நேர்ந்தால் எவ்வளவு என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது போனில் பேரம் பேச முடியாது.

பல்லை எடுத்துவிட்டால் எப்படித் தின்னும் என்ற கவலை வேண்டாம். வீட்டு நாய்க்கு வேட்டையாடும் வேலை இல்லை. தையல் ஆறும்வரை இரண்டு வாரம்போலக் குழைவான சாப்பாடு கொடுங்கள். அதற்குப் பின் ஈறாலேயே சமாளித்துக்கொள்ளும். ஆடுகிற பல்லோடு இருப்பதைவிடப் பல் இல்லாமல் இருப்பது நாய்க்குச் சுகம்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் பதிலாக மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கொடுத்தால் நாற்றம் ஒரு வாரம் அடங்கும், மாத்திரை நின்றதும் திரும்பிவிடும். காரை அப்படியே இருக்கும்போது மாத்திரை என்ன செய்யும்? வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு மாத்திரையே அந்த உடம்புக்கு வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் கொண்டுவரப் போதும். பாராசிட்டமாலும் டாக்டர் அளவு சொல்லாமல் வேண்டாம்.

எலும்பு விஷயத்தில் பக்கத்து வீட்டாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழம்பில் வெந்த கோழி எலும்பு கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும்; தொண்டையில், குடலில் குத்தும். ஆட்டு எலும்பு கெட்டி, பிளக்காது என்பார்கள். கெட்டியாக இருப்பதுதான் அதில் தொல்லை. நாம் பார்த்த அந்தப் பெரிய பல் பக்கவாட்டில் சில்லாகப் பெயர்ந்து, உள்ளே இருக்கும் நரம்பு வெளியே தெரிய நிற்கும். நல்லி எலும்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு, நாய்க்கு வேடிக்கை இல்லை. மஜ்ஜையை நக்கிக்கொண்டே கீழ்த்தாடையை அந்த வளையத்துக்குள் விட்டுவிடும். கோரைப்பல்லைத் தாண்டிப் போனபின் திரும்பி வராது. மஞ்சள் வளையத்தை மாட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, ஞாயிறு மாலையில் கிளினிக் வாசலில் வந்து நிற்கும் நாயைப் பார்க்கச் சிரிப்பு வந்தாலும், அதை வெட்டி எடுக்க மயக்க மருந்துதான் வேண்டியிருக்கும். எதைப் பயந்து எலும்பு கொடுத்தார்களோ அதுவே வந்து சேரும். போகட்டும், எலும்பை எடுத்துவிட்டுக் குழம்புச் சோறு வைக்கலாமா என்றால் அதுவும் கூடாது. நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் உண்டா? இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். டைகருக்குக் கறி வேண்டுமென்றால் உப்பு, மசாலா இல்லாமல் தனியாக வேகவைத்து, எலும்பு நீக்கிக் கொடுங்கள்.

மெல்லுவதற்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் ஒரு சோதனை இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிந்தால் சரி. பதியாவிட்டால் பல்லுக்கு ஆகாது. கடையில் விற்கும் மான் கொம்பு, கெட்டி நைலான் எலும்பு எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கும். பல்லுக்கென்றே விற்கும் மெல்லும் குச்சிகளில் வி.ஓ.ஹெச்.சி. (கால்நடை வாய்நலக் குழு) முத்திரை இருந்தால், காரையையோ படலத்தையோ குறைக்கிறது என்று சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவும் பிரஷ்ஷுக்குத் துணைதான். 4 கிலோ நாய்க்கு ஒரு குச்சியே ஒரு வேளைச் சாப்பாட்டில் கணிசம் என்பதையும் மனதில் வையுங்கள். டைகர் குண்டாகிவிட்டதென்று இன்னொரு கடிதம் எழுதும்படி ஆகிவிடக் கூடாது.

பிரஷ்ஷுக்கு வருவோம். இது சுத்தம் செய்த உடனே இல்லை; டாக்டர் புண் ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு. வேப்பங்குச்சியின் நினைவு அதற்கு இன்னும் இருக்கும், ஆகவே அவசரப்படாதீர்கள். உங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல்லாகத்தான் இருக்கும். அந்த வழவழப்பில் கால் வழுக்கினால் நாய் அதற்கே பயந்துவிடும். பாயோ ஜமுக்காளமோ விரித்து அதில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்து குனிந்தால் மிரளும், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் விரலில் வெறும் கோழி வெந்த தண்ணீரைத் தொட்டு உதட்டின் வெளியே தடவுங்கள், நக்கட்டும். பிறகு உதட்டுக்குள் விரலை விட்டு ஈறைத் தொடுங்கள். பிறகு விரலில் மெல்லிய துணி சுற்றித் துடையுங்கள். அது பழகிய பின்தான் பிரஷ். கைக்குழந்தைக்கு விற்கிற மிக மென்மையான பிரஷ் டைகருக்குச் சரியாக இருக்கும். உறுமுகிற வரை ஒரு நாளும் போக வேண்டாம். காதைப் பின்னால் தள்ளினாலே அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாயைத் திறக்கவே வேண்டாம், இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். வாய் மூடியிருக்கும்போதே உதட்டைத் தூக்கி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பிரஷ்ஷை விட்டு, தூவிகள் ஈறு ஓரத்தைத் தொடும்படி சாய்த்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் போதும். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குக் கீழே உள்ள அந்தப் பெரிய பல்லில் ஆரம்பியுங்கள். நாய் பொறுமை இழந்து ஓடினாலும் முக்கியமானது முடிந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். தினமும் செய்ய வேண்டும். படலம் இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும் என்று சொன்னேனே, வாரத்துக்கு ஒரு நாள் விளக்கினால் கல்லைத்தான் விளக்கிக்கொண்டிருப்பீர்கள்.

பேஸ்ட் நாய்க்கென்று விற்பதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் தண்ணீரே போதும், வேலை செய்வது தேய்ப்புதான். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று சொன்னவர்கள் துப்பத் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள். டைகர் துப்பாது, உப்போ, பல்பொடியோ, நம் பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடோ, நுரையோ எல்லாம் நேரே வயிற்றுக்குத்தான் போகும். வேப்பங்குச்சியின் நார் ஈறைக் கிழிக்கும் என்பது வேறு. கிராம்புத் தைலமும் வேண்டாம். முக்கியமாக ஸைலிடால் என்ற இனிப்பு. சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில பேஸ்ட், வாய் கொப்பளிக்கும் மருந்து இவற்றில் இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது; நாய்க்கு ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிற பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால், டைகருக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிரஷ் பிடிக்கும்வரை இடைக்காலத்துக்கு 0.12 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் கரைசலை டாக்டர் எழுதித் தரலாம். துணியில் தொட்டு ஈறு ஓரத்தில் துடைப்பது அது. ரொம்ப நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை விழும், பயப்பட வேண்டியதில்லை.

மகள் வீட்டு ஷிட்ஸுவுக்கு அவசரம் கொஞ்சம் அதிகம். குட்டிக்கு 28 பால் பற்கள். நான்கு மாதத்தை ஒட்டி விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் எல்லாம் மாறிவிட வேண்டும். ஒரே இடத்தில் பால் பல்லும் புதுப் பல்லும் சேர்ந்து நிற்கக் கூடாது. சின்ன இனங்களில் கோரைப்பல்தான் இப்படி அடம்பிடிக்கும். மேல் வரிசையில் புதுப் பல் பால் பல்லுக்கு முன்னால் முளைக்கும். கீழ் வரிசையில் உட்பக்கமாக முளைக்கும். பால் பல் வழிவிடாவிட்டால் புதுப் பல் உள்ளே சாய்ந்து மேலண்ணத்தைக் குத்தும். இரண்டுக்கும் நடுவே முடியும் சோறும் சிக்கிக்கொள்வதால், பிறந்து ஒரு வருஷம் ஆகுமுன்பே ஈறு நோய் ஆரம்பிக்கும். புதுப் பல் நன்றாக வெளியே வந்தும் பால் பல் ஆடாமல் நின்றால் இனி தானாக விழும் என்று காத்திருக்க வேண்டாம், எடுத்துவிட வேண்டும். நூல் கட்டி இழுப்பது, குறடால் பிடுங்குவது எதுவும் கூடாது. பால் பல்லின் வேர் வெளியே தெரிவதைவிட நீளம், ஈர்க்குச்சிபோல மெல்லியது. உள்ளே முறிந்தால் சீழ் பிடிக்கும், பக்கத்துப் புதுப் பல்லும் கெடும். கருத்தடை செய்வதாக இருந்தால் அதே மயக்கத்தில் பல்லையும் எடுக்கச் சொல்லலாம். ஆனால் கருத்தடைக்காகப் பல்லை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. ஷிட்ஸு சப்பை மூக்கு நாய். மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், முழுதாக விழித்து நிற்கும்வரை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே தங்கிவிட்ட பல் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். சப்பை மூக்கு இனங்களில் அப்படித் தங்குகிற பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்து தாடையைக் கரைப்பதுண்டு.

டைகருக்கு நாள் குறித்ததும் முந்தின இரவு எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது, தண்ணீர் எதுவரை வைக்கலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நாயை ரொம்ப நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கும், அதனால் காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகளிடமும் பேசிவிடுங்கள். ஆறு மாதக் குட்டியின் பல் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது; முடிந்தால் இரண்டையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனையை முடித்துவிடலாம்.